ஆறு வயதுக் குழந்தைக்கு ஆகஸ்ட் 6

ஜப்பானில் ஆகஸ்ட் மாதம் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை. ஆனால் ஹிரோஷிமாவில் பல பள்ளிகளின் பிள்ளைகள் 6-ஆம் தேதி ஒருநாள் மட்டும் வகுப்புக்கு வந்துவிடுகிறார்கள். காலை 8.15-க்கு எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம். பிறகு பாடம். சில வகுப்புகளில் படக்கதை காட்டுவார்கள். சிலவற்றில் குண்டுவீச்சில் பிழைத்த முதியவர் வந்து பேசுவார். அதே வேளையில் அமைதிப் பூங்காவில் பிரதமரும் மேயரும் கலந்துகொள்ளும் அஞ்சலி நிகழ்ச்சி நடக்கும். அங்கே நகரத்துப் பிள்ளைகளின் சார்பில் உறுதிமொழி வாசிப்பவர்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர்.

1945-இல் அந்த 8.15-க்கு வெடித்த ஒற்றை அணுகுண்டால் அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தார்கள். ஆறு வயதுக் குழந்தைக்கு இந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. நூறைத் தாண்டி எண்ணவே திணறும் வயது அது. அந்த வயதுக்குப் போய்ச் சேர்வது கதைதான்: ஒரு சிறுமி, ஒரு யானை, ஒரு மூன்று சக்கர சைக்கிள். எண்பது ஆண்டுகளாக ஹிரோஷிமா இந்த வழியில்தான் அமைதியைச் சொல்லிக்கொடுத்துவருகிறது. கதை எங்கே கைகொடுக்கிறது, எங்கே வரலாற்றை விட்டு நழுவிவிடுகிறது என்று பார்க்க இதைவிடத் தெளிவான இடம் உலகில் இல்லை.

மையிட்டு அழித்த பாடங்கள்

கதை சொல்வதாலேயே குழந்தை அமைதிப் பக்கம் வந்துவிடாது. 1930-களில் ஜப்பானியத் தெருக்களில் காமிஷிபாய்க்காரர்கள் வலம்வந்தார்கள். சைக்கிளின் பின்னிருக்கையில் ஒரு மரச்சட்டம் இருக்கும். அதற்குள் அடுக்கிய படத் தாள்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்துக் கதை சொல்வார்கள். மிட்டாய் வாங்கிய பிள்ளைகளுக்கு முன்வரிசை. போர் மூண்டதும் அரசாங்கம் இந்தக் கலையையும் கையில் எடுத்துக்கொண்டது. வீரமரணம், தியாகம், எதிரியின் கொடூரம் எல்லாமே அதே மரச்சட்டத்தில் படம்படமாக வந்தன. பாடப்புத்தகங்களும் அப்படித்தான். படிக்கத் தொடங்கும் வயதிலேயே சிப்பாயும் கொடியும் பாடத்துக்குள் வந்துவிட்டன.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. அந்த இலையுதிர் காலத்தில் பள்ளிக்குத் திரும்பிய பிள்ளைகளுக்குக் கிடைத்த முதல் வேலை விசித்திரமானது. ஆசிரியர் பக்க எண்ணும் வரி எண்ணும் சொல்லச்சொல்ல, தூரிகையை மையில் தோய்த்துத் தங்கள் பாடப்புத்தகத்தைத் தாங்களே அழித்தார்கள். முந்தின மாதம்வரை மனப்பாடம் செய்யச் சொன்ன வரிகளை அதே ஆசிரியர் அழிக்கச் சொன்னார். அந்தத் தலைமுறையில் பலர், பெரியவர்கள் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது என்று கற்றது அன்றுதான் என்று பிற்காலத்தில் எழுதினார்கள். 1947-இல் வந்த கல்வி அடிப்படைச் சட்டம் அமைதியைக் கல்வியின் நோக்கமாக வைத்தது. அமைதிக் கல்வி என்று தனியாக ஒன்று உருவாவதற்கு முன்பே பிள்ளைகளுக்கு முதல் பாடம் முடிந்திருந்தது.

ஹிரோஷிமாப் பள்ளிகளின் நிலை இன்னும் மோசம். போரின் கடைசிக் கட்டத்தில் மூன்றாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரையான பிள்ளைகளைக் கூட்டமாக நாட்டுப்புறத்துக்கு அனுப்பியிருந்தார்கள். நகரத்தில் தங்கியவர்கள் ஒன்றாம், இரண்டாம் வகுப்புச் சிறுசுகள். வெளியூரில் உயிர்தப்பிய பலர் வீடு திரும்பியபோது அநாதைகளாகியிருந்தார்கள். குண்டு வெடித்த மையத்திலிருந்து சுமார் 460 மீட்டரில் இருந்த ஃபுகுரோமாச்சி தொடக்கப் பள்ளியில், அடித்தளத்தில் இருந்த மூன்று பிள்ளைகள் மட்டும் பிழைத்தார்கள். எஞ்சிய கான்கிரீட் கட்டடம் முதலுதவி நிலையமாயிற்று. புகைக்கரி படிந்த சுவரில் சாக்பீஸால் எழுதத் தொடங்கினார்கள்: யார் எங்கே இருக்கிறார், யாரை யார் தேடுகிறார், எந்த மாணவன் இறந்தான். பின்னர் அந்தச் சுவரைப் பூசி மறைத்துவிட்டார்கள். 1999-இல் கட்டடத்தை இடிக்கும் முன் பூச்சை உரித்துப் பார்த்தபோது எழுத்துகள் வெளிப்பட்டன. இன்று அந்தப் பகுதி சிறிய அருங்காட்சியகம். பக்கத்திலேயே பள்ளி வழக்கம்போல் நடக்கிறது. சாக்பீஸ் எழுத்து எந்தக் குழந்தைக்கும் பழக்கமான பொருள் என்பதால், பெரிய நினைவுச் சின்னங்களைவிட இந்தச் சுவர் பிள்ளைகளோடு எளிதாகப் பேசுகிறது.

குழந்தைகளின் குரலை முதலில் தொகுத்தவர் அராத்தா ஒசாதா. கல்வியியல் பேராசிரியர், தாமே குண்டுவீச்சில் காயம்பட்டவர். பள்ளிப் பிள்ளைகளைத் தங்கள் அனுபவத்தை எழுதச் சொல்லி, அவற்றில் 105 கட்டுரைகளை 1951-இல் நூலாக்கினார். அமெரிக்க ஆக்கிரமிப்பு அரசின் தணிக்கை முற்றிலும் விலகாத காலம் அது. இன்னொரு பக்கம், 1947-இல் வாஷிங்டனில் இருந்த ஒரு தேவாலயத்தின் உறுப்பினர்கள் பென்சில், கிரையான், தாள் என்று சேர்த்து ஹிரோஷிமாவுக்கு அனுப்பினார்கள். ஹோன்காவா பள்ளிப் பிள்ளைகள் பதிலுக்குப் படம் வரைந்து அனுப்பினார்கள். செர்ரிப் பூவும் படகும் ஓடியாடும் பிள்ளைகளுமாக வண்ணம் கொழிக்கும் படங்கள். இடிபாட்டுக்கு நடுவில் உட்கார்ந்து வரைந்தவை என்று சொன்னால்தான் தெரியும். அந்த ஓவியங்கள் பல பத்தாண்டுகள் கழித்துச் செப்பனிடப்பட்டு, 2010-இல் அதே பள்ளியில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

சடாகோ: 644-ஆ, ஆயிரத்துக்கு மேலா?

உலகம் முழுக்க, தமிழ்நாட்டுப் பள்ளிகள் உட்பட, ஆகஸ்ட் 6 என்றால் பிள்ளைகள் காகிதக் கொக்கு மடிக்கிறார்கள். அதற்குக் காரணமான சடாகோ சசாகி 1943 ஜனவரியில் பிறந்தவள். அப்பாவுக்கு முடிதிருத்தும் கடை. குண்டு விழுந்தபோது அவளுக்கு இரண்டு வயது. வீடு வெடிமையத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்குச் சற்று அப்பால். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆறாம் வகுப்பில் தொடர் ஓட்டப் பந்தயத்தில் வகுப்புக்கே நம்பிக்கை நட்சத்திரம். 1954-இன் கடைசியில் கழுத்தில் கட்டிகள் தோன்றின. 1955 பிப்ரவரியில் செஞ்சிலுவை மருத்துவமனையில் சேர்த்தார்கள். ரத்தப் புற்றுநோய்.

ஆகஸ்டில் நகோயா நகரத்து மாணவிகள் நோயாளிகளுக்குக் காகிதக் கொக்குகள் அனுப்பினார்கள். ஆயிரம் கொக்கு மடித்தால் நினைத்தது நடக்கும் என்பது ஜப்பானிய நம்பிக்கை. சடாகோவும் மடிக்கத் தொடங்கினாள். தாள் விலை அதிகம். குடும்பத்துக்குக் கையில் காசில்லை. மருந்துப் பொட்டலத் தாளைச் சேர்த்துவைத்து மடித்தாள். நாளாக ஆகக் கொக்குகள் சிறுத்துக்கொண்டே போயின; கடைசிக் கொக்குகளை ஊசிமுனையால் மடிக்கவேண்டியிருந்தது. நோயின் பெயரை அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் தன் ரத்தப் பரிசோதனை எண்களை ஒரு தாளில் ரகசியமாகக் குறித்துவைத்திருந்தாள் என்பது அவள் இறந்த பிறகு தெரியவந்தது. 1955 அக்டோபர் 25-இல் இறந்தபோது வயது 12.

அமெரிக்க எழுத்தாளர் எலினர் கோயர் 1977-இல் எழுதிய சிறுவர் நூல்தான் ஆங்கிலம் வழியே இந்தக் கதையை உலகத்துக்குக் கொண்டுபோனது. அதில் சடாகோ 644 கொக்குகளோடு இறந்துவிடுகிறாள். மீதியை நண்பர்கள் மடிக்கிறார்கள். ஆனால் குடும்பத்தாரும் ஹிரோஷிமா அருங்காட்சியகமும் சொல்வது வேறு: ஆகஸ்ட் முடிவதற்குள்ளேயே ஆயிரத்தை எட்டிவிட்டாள், அதற்கப்புறமும் மடித்துக்கொண்டிருந்தாள்.

வித்தியாசம் சின்னதல்ல. 644 என்று சொன்னால், குறையாக நின்ற ஆசையை நண்பர்கள் நிறைவேற்றிய நெகிழ்ச்சிக் கதை. ஆயிரம் முடிந்தும் நோய் குணமாகவில்லை என்றால், குழந்தைக்குக் கேள்வி வருகிறது: அப்புறம் ஏன் மடித்தாள்? குண்டு விழுந்து பத்து வருஷம் கழித்து எப்படி நோய் வந்தது? கதிர்வீச்சு என்றால் என்ன என்று ஆசிரியர் விளக்க வாசல் திறப்பது இரண்டாவது கதையில்தான். உண்மை இங்கே கதையைவிடக் கனமானது, கற்பிக்கவும் ஏற்றது.

கதையில் பெரும்பாலும் விட்டுப்போகும் இன்னொரு பகுதி, அவள் வகுப்புத் தோழர்கள் செய்தது. சடாகோவுக்கு மட்டுமல்ல, குண்டால் இறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் நினைவுச் சின்னம் கேட்டார்கள். குண்டுவீச்சில் பிழைத்த இச்சிரோ கவாமோதோ என்பவர் தந்த யோசனை அது. 1955 நவம்பரில் நாடெங்கிலுமிருந்து ஹிரோஷிமாவுக்கு மாநாட்டுக்கு வந்திருந்த தலைமையாசிரியர்களிடம் துண்டறிக்கை கொடுத்தார்கள். 3,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளிலிருந்தும் ஒன்பது வெளிநாடுகளிலிருந்தும் பணம் வந்தது. 1958 மே 5, ஜப்பானின் குழந்தைகள் தினத்தன்று, சின்னம் திறக்கப்பட்டது. அதற்கு மணி தந்தவர் நோபல் பரிசு பெற்ற இயற்பியலர் ஹிதெகி யுகாவா. துண்டறிக்கை எழுதி, மாநாட்டு வாசலில் நின்று, பணம் திரட்டிக் கணக்கு வைத்த பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் கதை, ஒரு சாவின் கதையைவிட வகுப்பறைக்குப் பயனுள்ளது. ஹிரோஷிமாவில் பிறந்து, மூன்று வயதில் குண்டைக் கண்ட சிறுவர் எழுத்தாளர் மசாமோதோ நாசு, இந்தப் பிள்ளைகளைத் தேடிப்பிடித்து 1984-இல் ஒரு நூல் எழுதினார். கோயரின் நூலுக்குக் கிடைத்த வாசகர்கள் அதற்குக் கிடைக்கவில்லை.

ஆண்டுதோறும் சுமார் ஒரு கோடிக் கொக்குகள், பத்து டன் எடையில், அந்தச் சின்னத்தின் அடிக்கு வந்துசேர்கின்றன. நகராட்சி அவற்றை மறுசுழற்சிக்குக் கொடுக்கிறது.

பட்டினி போட்ட யானைகள்

கதை வரலாற்றை விட்டு நழுவியதற்கு இன்னொரு எடுத்துக்காட்டு ஹிரோஷிமாவுக்கு வெளியே, டோக்கியோவின் யுவேனோ விலங்குக் காட்சிசாலையில் இருக்கிறது. யுகியோ சுச்சியா 1951-இல் எழுதிய 'பாவம் யானைகள்' ஜப்பானியக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவளர்ந்த கதை. ஆகஸ்ட் 15-இல் வானொலியில் அதை வாசிப்பது 1967 முதல் பல்லாண்டு நீடித்த வழக்கம். குண்டுமழை பொழிகிறது, கூண்டு உடைந்தால் விலங்குகள் ஊருக்குள் புகுந்துவிடும், வேறு வழியில்லாமல் மூன்று யானைகளைப் பட்டினி போட்டுக் கொல்கிறார்கள். பாகன்கள் அழுகிறார்கள். போர் கொடியது என்று குழந்தைக்குப் புரிகிறது.

யானைகள் பட்டினியால் செத்தது உண்மை. ஆனால் அது நடந்தது 1943 ஆகஸ்ட், செப்டம்பரில். டோக்கியோமீது தொடர்ந்து குண்டுவீச்சு தொடங்கியது அதற்கு ஒரு வருஷத்துக்கும் மேல் கழித்து, 1944 நவம்பரில். கொல்லச் சொன்னவர் நகர ஆளுநர். ஒரு யானையை செண்டாய்க்கு அனுப்ப ஏற்பாடு செய்தும் அவர் தடுத்துவிட்டார். மக்கள் மனத்தைப் போருக்குத் திடப்படுத்தவே இது செய்யப்பட்டது என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு. செப்டம்பர் 4-இல் இறந்த விலங்குகளுக்குப் பிள்ளைகளை அழைத்து அஞ்சலிக் கூட்டம் நடத்தினார்கள். அன்று இரண்டு யானைகள் இன்னும் உயிரோடு, அருகிலேயே மறைப்புக்குப் பின்னால் நின்றிருந்தன.

கதையில் போர் மழைபோல் வானத்திலிருந்து வருகிறது, யார்மேலும் குற்றமில்லை. நடந்ததிலோ ஓர் உத்தரவு இருக்கிறது, அதைப் போட்ட ஆள் இருக்கிறார், மீற முயன்ற ஊழியர்களும் இருக்கிறார்கள். எட்டு வயதுக் குழந்தைக்கு இதைச் சொல்லலாமா என்று தயங்குபவர்கள், பட்டினிச் சாவை மட்டும் தயங்காமல் சொல்லிவிடுகிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

இந்தக் கதைக்கு இந்தியாவில் ஒரு பின்கதை உண்டு. யானையே இல்லாத காட்சிசாலையைப் பார்த்த டோக்கியோப் பிள்ளைகள், போருக்குப் பிறகு ஜவாஹர்லால் நேருவுக்குக் கடிதம் எழுதினார்கள். 1949-இல் மைசூர்ப் பகுதியிலிருந்து ஒரு பெண் யானையை அவர் அனுப்பிவைத்தார். தன் மகளின் பெயரான இந்திரா என்றே பெயரிட்டார். அது 1983 வரை யுவேனோவில் வாழ்ந்தது.

எவ்வளவு பயம் தாங்கும்?

ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் துருப்பிடித்த மூன்று சக்கர சைக்கிள் ஒன்று இருக்கிறது. நான்கு வயது நிரம்பவிருந்த ஷின்இச்சி தெத்சுதானி ஓட்டிக்கொண்டிருந்தது. மகனைத் தனியாகக் கல்லறைக்கு அனுப்ப மனம் வராத தந்தை, வீட்டுக் கொல்லையிலேயே புதைத்து, சைக்கிளையும் பக்கத்தில் வைத்தார். நாற்பது ஆண்டு கழித்து 1985-இல் தோண்டி எடுத்து, எலும்புகளைக் குடும்பக் கல்லறையிலும் சைக்கிளை அருங்காட்சியகத்திலும் சேர்த்தார். இன்னொரு கண்ணாடிப் பேழையில் ஒரு சாப்பாட்டு டப்பா. உள்ளே சோறும் காயும் கரிக்கட்டி. 13 வயது ஷிகெரு ஒரிமென் அன்று காலை எடுத்துப்போனது. தீ பரவாமலிருக்க வீடுகளை இடித்து இடைவெளி ஏற்படுத்தும் வேலைக்கு ஏழாம், எட்டாம் வகுப்பு வயதுப் பிள்ளைகளை அனுப்பியிருந்தார்கள்; அப்படி வெட்டவெளியில் நின்று இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில். டப்பாவை வைத்துத்தான் தாய் மகனின் உடலை அடையாளம் கண்டார். தினமும் சாப்பாட்டு டப்பா எடுத்துப்போகும் குழந்தைக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இதே அருங்காட்சியகத்தில் தோல் உரிந்து தொங்க இடிபாட்டில் நடக்கும் உருவப் பொம்மைகளும் 2017 வரை இருந்தன. அவற்றைப் பார்த்துப் பல இரவு தூங்காத பிள்ளைகள் உண்டு. அவற்றை எடுத்துவிட்டு உண்மைப் பொருள்களுக்கே முதலிடம் என்று நிர்வாகம் முடிவு செய்தபோது, கொடுமையை மழுப்புவதாக ஒரு சாரார் எதிர்த்தார்கள். பிழைத்தவர்களில் சிலரோ பொம்மைகள் நிஜத்தைவிட மிகச் சாதுவானவை என்றார்கள். முடிவு சரியானதுதான். பொம்மை தருவது திகில். டப்பா தருவது ஒரு பையன்.

புத்தகங்களிலும் இதே வழக்கு. தோஷி மாருகியின் 'ஹிரோஷிமாவின் பளிச்சொளி' என்ற 1980-இன் படநூல் ஏழு வயதுச் சிறுமியை எரியும் நகரத்தின் ஊடே கொண்டுபோகிறது. நிர்வாணமும் சாவும் மறைக்கப்படவில்லை. கெய்ஜி நகாசாவாவின் 'வெறுங்கால் கென்' சித்திரக்கதை 1973-இல் ஒரு சிறுவர் வார இதழில் தொடங்கியது. ஆறு வயதில் தந்தையையும் அக்காவையும் தம்பியையும் இழந்தவர் அவர். 2012-இல் மத்சுயே நகரக் கல்வி வாரியம் பள்ளி நூலகங்களில் அதைப் பிள்ளைகள் தாமாக எடுக்க முடியாதபடி உள்ளே வைக்கச் சொன்னது. ஜப்பானியச் சிப்பாய்களின் கொடுமைகள் வரும் பகுதிகளே ஆட்சேபத்துக்குக் காரணம். எதிர்ப்பு வலுத்ததும் 2013-இல் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. 2023-இல் ஹிரோஷிமா நகரமே தன் அமைதிப் பாடநூலிலிருந்து கென்னை நீக்கியது. பசித்த பையன் தெருவில் பாட்டுப் பாடிக் காசு சேர்ப்பதும், தாய்க்காகப் பிறர் குளத்தில் மீன் திருடுவதும் இன்றைய மூன்றாம் வகுப்புக்குப் புரியாது என்பது சொல்லப்பட்ட காரணம். தாய்க்காக மீன் திருடுவது எந்த ஊர்க் குழந்தைக்கும் புரியும்.

விட்டுப்போன பாதி

அமைதிப் பூங்காவில் ஒரு அவோகிரி மரம் நிற்கிறது. வெடிமையத்திலிருந்து 1.3 கிலோமீட்டரில், தபால் தந்தி அலுவலக முற்றத்தில் கருகி, அடுத்த வசந்தத்தில் துளிர்த்த மரம். 1973-இல் பூங்காவுக்குப் பெயர்த்து நட்டார்கள். அந்த அலுவலகத்தில் வேலை பார்த்து இடதுகாலை இழந்த சுசுகோ நுமாதா, கல்விச் சுற்றுலா வரும் பிள்ளைகளுக்கு அதன் நிழலில் கதை சொல்லிவந்தார். இறக்க நினைத்தவருக்குத் துளிர்விட்ட மரம் வாழ நம்பிக்கை தந்த கதை. ஐந்து வயதுக்கும் சொல்லலாம்.

நுமாதா அங்கேயே நிற்கவில்லை. ஹிரோஷிமா, ஜப்பானிய ராணுவத்தின் ஐந்தாம் டிவிஷனுக்குத் தலைமையிடமாக இருந்தது. அதன் படைகள்தான் 1941 டிசம்பரில் மலாயாமீது பாய்ந்தன. 1942-இல் நெகிரி செம்பிலானில் சீனக் கிராம மக்களைக் கொன்று குவித்தன. இதை அறிந்தபின் அவர் மலேசியாவுக்கே போய் அங்கே குடும்பத்தை இழந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். மலாயாத் தமிழருக்கு இந்த வரலாறு அந்நியமல்ல. தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள் திரும்பவில்லை.

இந்தப் பாதி ஹிரோஷிமாக் கதைகளில் மெலிந்தே கிடக்கிறது. குண்டுக்குப் பல்லாயிரம் கொரியரும் பலியானார்கள். அவர்களுக்கு 1970-இல் எழுப்பிய சின்னம் பூங்காவுக்கு வெளியேதான் நின்றது, உள்ளே வந்தது 1999-இல். ஹிரோஷிமா மாகாணத்தின் ஓகுனோஷிமாத் தீவை இன்று முயல் தீவு என்று பிள்ளைகள் கொண்டாடுகிறார்கள். 1929 முதல் போர் முடியும்வரை நச்சுவாயு தயாரித்த தீவு அது. பள்ளிப் பிள்ளைகளையும் அங்கே வேலைக்கு வைத்தார்கள். 1988-இல் திறந்த சிறு அருங்காட்சியகம் அதைச் சொல்கிறது. முயலுக்குத் தீனி போட வருபவர்களில் எத்தனை ஆசிரியர்கள் அந்தக் கதவையும் திறக்கிறார்கள் என்பதில்தான் பாடம் இருக்கிறது. நாசு 1995-இல் எழுதிய ஹிரோஷிமாப் படநூல் நகரத்தின் ராணுவ வரலாற்றையும், குண்டு ஏன், எப்படிச் செய்யப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. சிறுவருக்கு இரண்டு பாதியையும் சொல்ல முடியும் என்பதற்கு அந்த நூலே சான்று. ஜப்பான், சீனா, தென் கொரியா ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் கூடி எழுதிய பொது வரலாற்று நூல் 2005-இல் மூன்று நாடுகளிலும் வந்தது; அது பதின்வயதினருக்கானது.

வயதுக்கேற்ற படிகள்

2013 முதல் ஹிரோஷிமா நகரப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு ஆண்டுக்கும் ஓர் அமைதிப் பாடநூல் வரிசை இருக்கிறது. முதல் மூன்று வகுப்புகளில் உயிரின் மதிப்பும் குடும்பப் பாசமும்; அடுத்த மூன்றில் குண்டால் நடந்ததும் நகரம் மீண்டெழுந்ததும்; நடுநிலைப் பள்ளியில் உலகப் பிரச்சினைகள்; மேல்நிலையில் தன் பங்கு என்ன என்ற கேள்வி. அடுக்கு நியாயமானதுதான். யார் தொடங்கினார், ஏன் என்ற கேள்வி வருவதற்குள் பிள்ளைக்குப் பதின்மூன்று வயதாகிவிடுகிறது என்பது அதன் குறை.

நேரில் சொல்ல ஆள் குறைந்துகொண்டே வருகிறது. 2025 மார்ச்சில், ஹிரோஷிமா, நாகசாகி குண்டுவீச்சுகளில் பிழைத்தவர்களாகப் பதிவுபெற்றோர் எண்ணிக்கை முதல்முறையாக ஒரு லட்சத்துக்குக் கீழே, 99,130-க்கு இறங்கியது. சராசரி வயது 86-ஐத் தாண்டிவிட்டது. இதை எதிர்பார்த்தே 2012-இல் நகராட்சி ஒரு பயிற்சியைத் தொடங்கியது. பிழைத்த ஒருவரின் அனுபவத்தை இன்னொருவர் அவரிடமே கேட்டுக் கற்று, அவர் சரிபார்த்த பிறகு, அவர் சார்பில் சொல்வது. உணர்ச்சிக்காக விவரம் கூட்டிவிடாமல் இருக்க அந்தச் சரிபார்ப்பு உதவுகிறது. சடாகோவும் யானைகளும் கற்றுக்கொடுத்த பாடம்.

2007 முதல் மோதோமாச்சி மேல்நிலைப் பள்ளியின் ஓவிய மாணவர்கள் இதையே தூரிகையால் செய்கிறார்கள். ஒரு முதியவர், ஒரு மாணவர். ஓர் ஓவியத்துக்கு ஏறத்தாழ ஒரு வருஷம். வானம் என்ன நிறம், ஆற்றில் தண்ணீர் எந்த அளவு, அந்த அம்மாவின் கை எப்படி மடங்கியிருந்தது என்று மாணவர் கேட்டுக்கேட்டு வரைகிறார், முதியவர் பார்த்து, இப்படி இல்லை என்று திருத்துகிறார், மறுபடி வரைகிறார். முடிந்த ஓவியம் அருங்காட்சியகத்துக்குப் போகிறது. முதியவர்கள் பள்ளிகளுக்குப் பேசப் போகும்போது அந்த ஓவியங்களைக் காட்டித்தான் சொல்கிறார்கள்.